குடும்ப வரலாறும் சமுதாய வரலாறும்

நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்வியின் மேன்மையைப் பற்றி எழுதுவதா, ஒழுக்கத்தின் சிறப்பைப் பற்றி எழுதுவதா என்று சில நாள் தயங்கினோம். அவ்விரண்டையும் பற்றி எழுத அறிஞர் பலர் உளர். ஆதலின், கடந்த சில ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் நாம் ஈடுபட்டுவரும் வேலையைப் பற்றியே எழுதத் துணிந்தோம். நம் குடும்பத்தின் பழைய கதையைத் தேடும் வேலை அது.

பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் ஒருநாள், "உங்கள் பாட்டனாரின் தந்தை பெயர் என்ன?" என்று கேட்டோம். வகுப்பில் பெரும்பாலோர் பாட்டனார் பெயரோடு நின்றுவிட்டனர். ஏழெட்டுப் பேர் மட்டும் எழுந்து கொள்ளுப்பாட்டனார் பெயரையும் அவர் தந்தை பெயரையும் தயங்காமல் சொன்னார்கள். அவர்களுள் நம் தெருப் பிள்ளை ஒருவரும் இலர். சொன்ன பிள்ளைகள் நினைவாற்றலில் மிக்கவர்கள் என்று கருத வேண்டா. அவர்கள் வீட்டில் நிலப்பத்திரம் இருந்தது. இன்னார் குமாரர் இன்னார், அவர் குமாரர் இன்னார் என்று பத்திரம் சொல்லிக்கொண்டே போகும். பாகப்பிரிவினை நடக்குந்தோறும் பாட்டன் பெயர் ஒருமுறை உரக்கப் படிக்கப்படும். பிரிப்பதற்கு ஏதுமில்லாத வீட்டில் பாட்டன் பெயரைப் படிக்க வேண்டிய நாள் எப்படி வரும்?

இந்த நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்கள், தம் முன்னோரைத் தேடிச் செல்லும்போது 1870-ஆம் ஆண்டில் ஒரு சுவரில் முட்டிக்கொள்கின்றனர். விடுதலை பெற்ற அடிமைகள் அனைவரும் பெயர் சொல்லிக் கணக்கெடுக்கப்பட்ட முதல் குடிமதிப்பு அந்த ஆண்டினுடையது. அதற்கு முன் 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் எடுத்த அடிமைக் கணக்குகளில் எசமானன் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, ஆணா பெண்ணா, நிறம் ஆகியவை இருக்கும். அடிமையின் பெயர் பெரும்பாலும் இராது. அப்படியிருந்தும் அவர்கள் தேடலை விட்டுவிடவில்லை. அலெக்ஸ் ஹேலி என்பவர் தம் குடும்பத்துப் பாட்டிமார் சொன்ன கதைகளைப் பற்றுக்கோடாகக் கொண்டு 1976-இல் வெளியிட்ட 'வேர்கள்' என்னும் நூல், அந்நாட்டில் இலட்சக்கணக்கானோரைத் தத்தம் பாட்டிமாரிடம் சென்று அமரச் செய்தது. அந்நூலிற் சில பகுதிகளின் உண்மை பற்றிப் பின்னர் அறிஞர்கள் ஐயம் எழுப்பியதும் உண்டு. அந்த ஐயமும் நமக்குப் பாடமாகும். அதனைப் பின்னே சொல்வோம்.

பெயர்களை மட்டும் தேடிக்கொண்டு போனால் நம் கையில் வரிசையாக நாலைந்து பெயர்களே மிஞ்சும். அந்தப் பெயருக்குரியவர் என்ன உண்டார், யாருக்கு உழைத்தார், ஏன் ஊரை விட்டுப் போனார், ஏன் போகவில்லை என்பவற்றை அறிய அவர் வாழ்ந்த காலத்துச் சமுதாய வரலாறு வேண்டும். எம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும்.

எம் தந்தையின் தாயார் தம் மாமனாரைப் பற்றி, அதாவது எம் கொள்ளுப்பாட்டனாரைப் பற்றி, நல்ல சொல் ஒன்று சொல்லி நாம் கேட்டதில்லை. "அந்த ஊதாரி தன் கல்யாணத்துக்கு வாங்கின முப்பது ரூபாய்க்கு என் புருசன் மாடு மேய்ச்சான், என் பிள்ளையும் மாடு மேய்ச்சான்" என்பார். சோறு வடிக்கும்போது சொல்வார். மழை பெய்து கூரை ஒழுகும்போது சொல்வார். சாகுமுன் படுக்கையிற் கிடந்தபோதும் சொன்னார். நாமும் நம்பினோம். பட்டம் பெற்று ஆசிரியராகிய பின்னரும், வரவுக்கு மேல் செலவு செய்த ஒரு மனிதனால் மூன்று தலைமுறை அடமானம் போயிற்று என்றே எண்ணியிருந்தோம். மாணவர்க்குச் சிக்கனத்தைப் பற்றிச் சொல்லும்போது, பெயர் குறிக்காமல், அவரை உதாரணம் காட்டியதும் உண்டு. இப்போது அதனை நினைத்தால் நா கூசுகிறது.

விழுப்புரத்துக்குத் தெற்கே இருவேல்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியற் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர், புத்தகத்திலுள்ள பொருளியலை மட்டும் சொல்லிக் கொடுப்பதில் நிறைவு காணாமல், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்கச் செய்தார். அவ்வாறு 1916-இல் ஆராயப்பட்ட ஊர்களுள் இருவேல்பட்டும் ஒன்று. 1918-இல் அது நூலாக வந்தது. அதன்பின் 1937-இலும், 1961-இலும், 1981-இலும், 2008-இலும் வெவ்வேறு ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பச் சென்று என்னென்ன மாறின என்று எழுதியிருக்கின்றனர். தொண்ணூறு ஆண்டுக் காலம் இவ்வாறு விடாது கவனிக்கப்பட்ட ஊர்கள் இந்திய நாட்டிலேயே சிலதான். அத்தகைய ஊர் நம் பக்கத்திலேயே இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1916-ஆம் ஆண்டுக் கணக்கில் படியாட்களைப் பற்றிய பகுதியைப் படித்தபோது எமக்கு மூச்சு நின்றது போல் ஆயிற்று. தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவன் தன் திருமணத்துக்காகவோ தன் பிள்ளையின் திருமணத்துக்காகவோ நிலக்காரரிடம் சில பத்து ரூபாய்கள் கடன் வாங்குகிறான். கடன் தீரும்வரை அவருக்கு உழைப்பதாக ஒப்புக்கொள்கிறான். கடன் தீர்வதில்லை. அது தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. நிலம் கைமாறினால் ஆளும் நிலத்தோடு கைமாறுகிறான். இதுதான் அங்கே கண்ட நிலை. ஒரு குடும்பத்தில் ஓர் ஊதாரி செய்த தவறாக அது சொல்லப்படவில்லை; சேரி முழுவதற்கும் உரிய ஏற்பாடாகச் சொல்லப்பட்டிருந்தது.

படியாள் என்னும் சொல்லையே பாருங்கள். படி அளக்கப் பெறும் ஆள் என்பது அதன் பொருள். தானியமாக அளக்கும் கூலியில் முப்பது ரூபாயை எந்தக் காலத்தில் எடுத்து வைப்பது? கூலி தானியமாகவும் கடன் பணமாகவும் இருக்கும்வரை கடன் தீராது. தீரக்கூடாது என்பதே ஏற்பாட்டின் உட்பொருள். இளைஞன் ஒருவனுக்கு உடலில் வலு ஏறி, அவன் வேறு ஊருக்கோ இரயில் வேலைக்கோ போய்விடக்கூடிய வயது எது? திருமண வயதுதான். அந்த வயதில் அவனை நிறுத்திவைக்கும் கயிறு கல்யாணக் கடன். கொடுத்தவருக்கு அது வட்டிக்கு விட்ட பணம் அன்று; ஆளுக்குக் கொடுத்த அச்சாரம். எம் கொள்ளுப்பாட்டனார் அந்த முப்பது ரூபாயை வாங்காமல் இருந்திருந்தால் அவருக்குத் திருமணமே நடந்திராது. நாமும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தவர், அடிமைமுறை 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தோடு ஒழிந்தது என்பார். அடிமை வைத்திருப்பவரின் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று அச்சட்டம் கூறியது உண்மையே. பின்னர் இந்தியத் தண்டனைச் சட்டம் ஆட்களை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிற்று. எனினும் விலைக்கு வாங்குவது நின்ற இடத்தில் கடனுக்கு வாங்குவது நின்றுவிடவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. எம் தந்தையார் மாடு மேய்த்த காலத்துக்குப் பின் பல ஆண்டுகள் கழித்து என்க.

இவற்றையெல்லாம் நாம் படித்தறிந்தபோது எம் பாட்டியார் உயிரோடு இல்லை. அவர் மாமனாரை அவரிடம் மீட்டுக் கொடுக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டாமற் போயிற்று. எம் பிள்ளைகளிடமாவது சொல்லியிருக்கிறோம்.

கப்பலேறிப் போனவர்கள்

நம் சேரிகளில் கப்பலேறிப் போனவர் ஒருவர் இல்லாத குடும்பம் அரிது. "எங்கே போனார்?" என்றால் "மோரீசு" என்பார்கள், "நெட்டால்" என்பார்கள், "பினாங்கு" என்பார்கள், சிலர் பொதுவாகச் "சீமை" என்று முடித்துவிடுவார்கள். எம் கொள்ளுப்பாட்டனாரின் தம்பி மோரீசுக்குப் போனார் என்பது எம் வீட்டு வழக்கு. பாட்டியார் சொன்ன மற்ற விவரங்கள் மூன்று. எம்டன் குண்டு போட்டதற்கு மறு வருடம் போனார். கங்காணி ஒருவன் வந்து வேட்டியும் வெற்றிலைபாக்கும் கொடுத்து அழைத்துப் போனான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்.

இம்மூன்றையும் சமுதாய வரலாற்றில் வைத்துப் பார்த்தோம். எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைமீது குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22 இரவு. ஆகவே அவர் போனது 1915-ஐ ஒட்டி. நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1911-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. மோரீசுக்குச் செல்வதும் 1910 அளவில் பெரும்பாலும் நின்றுவிட்டது. இலங்கைக்குப் போகிறவர்களுக்கு 1914 முதல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறந்துவிட்டது. அவர்கள் நாகப்பட்டினத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. கங்காணி என்பது இலங்கையிலும் மலேயாவிலும் வழங்கிய பெயர்; பருமாவுக்கு ஆள் சேர்த்தவனை மேஸ்திரி என்பார்கள். மலேயாவுக்குச் செல்லும் கப்பல்கள் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்குச் சென்றன. அங்கே அப்போது இரப்பர்த் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். ஆகவே எம் சின்னக் கொள்ளுப்பாட்டனார் மோரீசுக்குப் போகவில்லை. மலேயாவுக்கே போயிருக்க வேண்டும். பாட்டியார் சொன்ன ஊர்ப்பெயர் தவறு. அவர் சொன்ன சிறு விவரங்கள் மூன்றும் சரி. தேடலில் இறங்கும் இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் பெயரையும் ஆண்டையும் மாற்றிச் சொல்லக்கூடும். வேட்டியையும் வெற்றிலைபாக்கையும் மாற்றிச் சொல்வதில்லை.

'ரஜூலா' கப்பலில் போனார் என்று ஒரு வீட்டில் சொன்னால், அது 1926-க்குப் பிற்பட்டது என்று உடனே கொள்ளலாம். அந்தக் கப்பல் ஓடத் தொடங்கியது அந்த ஆண்டில்தான்.

நெட்டாலுக்குப் போனவர்களின் குடும்பத்தார்க்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. முதற்கப்பலாகிய 'துரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை சென்றவர் 1,52,184 பேர். அவர்களுள் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவரே மிகுதி. வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டத்தார் அவர்களுள் பலர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றைப் பதிந்து வைத்திருக்கின்றனர். அப்பதிவேடுகள் தென்னாப்பிரிக்காவில் இன்றும் காக்கப்படுகின்றன, கணினியிலும் ஏற்றப்பட்டுள்ளன. மோரீசில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்நாட்டுக்கு வந்த தொழிலாளர்களின் பதிவேடுகள் உள்ளன. புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்றிச் சென்றவர்கள் வேறு. அவர்களின் முதற்கப்பலாகிய 'ஒரேலி' 1853-இல் மார்த்தினிக் தீவையும், 1854-இல் குவாதலூப் தீவையும் சேர்ந்தது. நம் ஊரிலிருந்து புதுச்சேரி எவ்வளவு தொலைவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

உள்ளூரில் எந்தக் கணக்கிலும் பெயர் எழுதப்படாத நம் முன்னோரின் பெயரை, தந்தை பெயரோடும் கிராமத்தின் பெயரோடும் எழுதிவைத்தவர்கள் கப்பலில் ஏற்றியவர்கள்! அன்பினால் எழுதவில்லை; ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினார்கள். எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினமையால் ஊர்ப்பெயர்கள் உருத்தெரியாமல் இருக்கும். அவற்றைக் கண்ணால் படிக்காமல், வாய்விட்டுப் பலமுறை படித்துக் காதால் கேட்க வேண்டும். பழைய வட்டங்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நலம். நம் பகுதி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது என்பதையும், விழுப்புரம் மாவட்டம் என்று தேடினால் பழைய ஏட்டில் ஒன்றும் அகப்படாது என்பதையும் இளைஞர்க்கு நினைவூட்டுகிறோம்.

அவர்கள் ஏன் போனார்கள்? நெட்டாலில் முதலாண்டுக் கூலி திங்களுக்குப் பத்து ஷில்லிங், ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் கூடும், ஐந்தாண்டு ஒப்பந்தம். அங்கும் சவுக்கடி உண்டு, சிறை உண்டு. எனினும் அந்த ஒப்பந்தத்துக்கு ஐந்தாண்டு என்று ஒரு முடிவு இருந்தது. முப்பது ரூபாய்க் கடனுக்கு முடிவு இல்லை. அண்ணன் படியாளாக நின்றதையும் தம்பி கப்பலேறியதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் இரண்டும் விளங்குகின்றன.

பள்ளிப் பதிவேடும் பெயர்களும்

தலைமையாசிரியர் என்ற முறையில் எமக்கு நன்கு பழகிய ஆவணம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேர்க்கை, நீக்கல் பதிவேடு என்பது பள்ளியில் நிலையாகக் காக்கப்பட வேண்டிய ஏடு. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட தொகுதிகள் பல பள்ளிகளில் பீரோவின் அடித்தட்டில் கிடக்கின்றன. சில இடங்களில் கறையான் முந்திக்கொண்டுவிட்டது. அதில் பிள்ளையின் பெயர், தந்தை பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் எல்லாம் இருக்கும்.

பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டா. நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்திருப்பதைக் காண்பீர்கள். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும்; பையன் வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொட்டானா என்று ஆசிரியர் பார்ப்பார்; தொட்டால் ஒரு தேதியைப் போடுவார். எம் பிறந்தநாளும் அத்தகையதே. அரசாங்கம் அந்தத் தேதியின்படிதான் எமக்கு ஓய்வு கொடுக்கப்போகிறது!

நீங்கிய நாளைக் கவனியுங்கள். காரணம் என்னும் இடத்தில் 'தொடர்ந்து வராமை' என்றே பெரும்பாலும் இருக்கும். ஆயின் எந்த மாதம்? தை மாதமா, மல்லாட்டை பறிக்கும் காலமா, நம் முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்டும் பருவமா? அண்ணன் நின்ற மாதத்தில் தங்கையும் நின்றாளா? ஒரு குடும்பத்தின் நான்கு பிள்ளைகள் ஒரே வாரத்தில் நீங்கியிருந்தால் அந்த வீட்டில் சாவோ, இடப்பெயர்ச்சியோ நேர்ந்திருக்க வேண்டும். ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவரைக் கேட்டால், மறந்தது நினைவுக்கு வரும்.

சாதி என்னும் இடத்தில் எழுதப்பட்ட சொற்களைக் கண்டு குழம்பக் கூடாது. ஒரே குடும்பம் ஓர் ஏட்டில் பறையர் என்றும், ஒன்றில் பஞ்சமர் என்றும், ஒன்றில் ஆதிதிராவிடர் என்றும், ஒன்றில் அரிசனர் என்றும் இருக்கும். ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்று ஆணையிட்டது 1922-இல். எம். சி. ராஜா போன்ற தலைவர்களின் முயற்சியால் அது நிறைவேறியது. அதற்கு முன்பே, 1893-இல், இழிவாகச் சொன்ன பெயரையே தம் இதழுக்குத் தலைப்பாக இட்டு நிமிர்ந்து நின்றார் இரட்டைமலை சீனிவாசன். அயோத்திதாசப் பண்டிதர் நம்மை ஆதித்தமிழர் என்று குடிமதிப்பிற் பதிய வேண்டும் என்றார். ஏட்டில் ஒரு சொல் மாறிய இடத்துக்குப் பின்னால் இத்தனை போராட்டம் இருக்கிறது. பாட்டனார் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லை எழுதியது கணக்குப்பிள்ளையின் கையாயினும், எழுதச் செய்தது யார் என்பதை அறிதல் வேண்டும்.

ஆட்பெயர்களும் பேசும். பிச்சை, குப்பு, மண்ணாங்கட்டி என்னும் பெயர்களைக் கண்டு இன்றைய பிள்ளைகள் நாணுகின்றனர். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்த குழந்தையையாவது எமன் கண்ணில் படாமல் காக்க வேண்டும் என்று இட்ட பெயர்கள் அவை. எல்லாச் சாதியிலும் அவ்வழக்கம் இருந்தது. ஆகவே கொள்ளுப்பாட்டியின் பெயர் குப்பு என்றால், அவளுக்கு முன் எத்தனை குழந்தைகள் மாண்டன என்று கேட்பதே முறை. இனி, நாற்பதுகளுக்குப் பின் பெயர்கள் மாறுவதைப் பார்க்கலாம். காமராசு, அன்பழகன், தமிழ்ச்செல்வி, அம்பேத்கர் என்னும் பெயர்கள், தகப்பனார் எந்தக் கூட்டத்துக்குப் போய்வந்தார் என்பதைச் சொல்லிவிடும்.

பஞ்சமும் நிலமும்

நம் பாட்டிமார் காலத்தை ஆங்கில ஆண்டால் அளந்ததில்லை. தாது வருடப் பஞ்சம், விஷசுரம் வந்த வருடம், காந்தி செத்த வருடம் என்பார்கள். தாது வருடம் 1876-77. அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மாண்டவர் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பர். கூலியாக வாங்கும் தானியத்தையே நம்பியிருந்த நம் மக்கள் முதலில் விழுந்தனர். நம் பகுதிக் கிறித்தவக் குடும்பங்களுள் பல அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவை. அவர்களுக்குக் கோவில் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் கிடைக்கும். கஞ்சிக்கு மதம் மாறினார்கள் என்று ஏளனம் செய்வோர், கஞ்சி அவர்களுக்கு வேறெங்கே கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதட்டும். ஆண்டைக் கணக்கிடுவதில் ஓர் எச்சரிக்கை: தமிழ் ஆண்டு அறுபதாண்டுக்கு ஒருமுறை சுழன்று வரும். 1936-37-உம் தாது வருடமே. தாது வருடத்தில் பிறந்தேன் என்று ஒரு மூதாட்டி சொன்னால் அவரைப் பஞ்சத்துக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர் என்பவர் 1891-இல் நம் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரருக்கு உரியதாக இருப்பதையும், தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து மனுப் போட்டால் அது தடுக்கப்படுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். அதன் விளைவாக 1892-இல் அரசு ஆணை பிறந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட அந்நிலங்களைப் பத்தாண்டுக்கு விற்கலாகாது. அதன்பின்னும் தாழ்த்தப்பட்டோர்க்கே விற்கலாம் என்னும் நிபந்தனைகள் உண்டு. பஞ்சமி நிலம் என்றும், டி.சி. நிலம் என்றும் நாம் சொல்வது இதுவே.

அந்நிலங்களுட் பல இன்று யார் கையில் இருக்கின்றன என்பதை எல்லோரும் அறிவர். 1994-இல் செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் துறந்தனர். "ஏரிக்கரைக்கு மேற்கே நமக்கு ஒரு துண்டு நிலம் இருந்ததாம்" என்று வீட்டுக் கிழவி சொல்வதைப் புலம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் குறிப்பு என்னும் இடத்தைப் பாருங்கள். 1980-களில் நில உடைமைப் பதிவுகள் புதிதாக எழுதப்பட்டன. ஆகவே அதற்கு முற்பட்ட நிலவரித்திட்டப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கிடைக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. மணியக்காரர், கணக்குப்பிள்ளை ஆகியோரின் பரம்பரைப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டபோது, வீட்டோடு தங்கிவிட்ட ஏடுகளும் உண்டு என்பர். அவற்றைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மாவட்டத்தின் பழைய நிலையை அறிய, கார்ஸ்டின் 1878-இல் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் 1906-இல் எழுதிய மாவட்ட விவரச் சுவடியும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்.

பெண்களின் வழியைத் தேடுவதற்கு ஏடுகள் உதவா. பாட்டி பிறந்த ஊர், அவள் தாய் பிறந்த ஊர், மொட்டையடிக்கப் போகும் குலதெய்வக் கோவில் இருக்கும் ஊர் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதுங்கள். மேல்மலையனூர் போன்ற பெருங்கோவிலாயின் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. எங்கோ ஒரு சேரியின் ஓரத்தில் கல் நட்டிருக்கும் வீரனுக்குத்தான் உங்கள் வீட்டார் ஆண்டுதோறும் போகிறார்கள் என்றால், ஒருகாலத்தில் அங்கிருந்து பெயர்ந்து வந்திருக்கக்கூடும். ஒப்பாரிகளில் மாண்டவர் பெயரும் ஊரும் வரும், அவற்றையும் பதிந்துகொள்ளுங்கள். புதுச்சேரியை அடுத்த சேரி ஒன்றில் மருத்துவச்சியாகவும் பாடகியாகவும் வாழ்ந்த வீரம்மா என்னும் மூதாட்டி, பத்தாண்டுக் காலம் ஜோசியான் ராசின் அம்மையாரிடம் சொன்ன தம் வாழ்க்கைக் கதை 1995-இல் பிரெஞ்சு மொழியில் நூலாக வந்தது. பின்னர் ஆங்கிலத்திலும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத நம் பெண்ணொருத்தி சொன்னதை உலகமே படிக்கிறது. நம் வீட்டில் அப்படிப்பட்டவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்க, நாம் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பின்னே சொல்வதாகச் சொன்ன எச்சரிக்கை இது. கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும். நம் முன்னோர் அரசர்கள் என்றோ தளபதிகள் என்றோ நாமாகச் சேர்க்கக் கூடாது. ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்ற உண்மைகளும் அதனோடு சேர்ந்து தள்ளப்படும். சில பெரியவர்கள் பேச மறுப்பர். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம் மக்கள் பன்னிருவர் கொல்லப்பட்டதைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உளர். அவர்களை வற்புறுத்தலாகாது. பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அவர்களே ஒருநாள் சொல்வார்கள். சொல்லாமற் போனால் அதுவும் குறிப்பேட்டில் எழுத வேண்டியதே.

நம் சங்க நூலகத்தில் இதற்கென ஒரு பீரோவை ஒதுக்கித் தரச் செயற்குழு இசைந்துள்ளது. ஒரு குடும்பத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம். பழைய பட்டா, கப்பல் சீட்டு, புகைப்படம், மாற்றுச் சான்றிதழ் ஏதேனும் இருந்தால் மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொண்டுவந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாம் அங்கே இருப்போம். முதல் நோட்டில் எம் கொள்ளுப்பாட்டனாரின் முப்பது ரூபாயை எழுதி வைத்திருக்கிறோம். மலேயாவுக்குப் போன அவர் தம்பியின் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.